இரவு 12:50 எந்தத் தேதி? செயலியில் தேதியும் நேரமும் காட்டும் முறை

கிளாம்பாக்கத்தில் வெள்ளி இரவு 11:15-க்குக் கிளம்பும் மதுரை பஸ், திண்டிவனம் பைபாஸுக்கு வரும்போது மணி 12:50 ஆகிவிடும். கிளாம்பாக்கத்தில் ஏறுகிறவருக்கு அது ஜூலை 4. திண்டிவனத்தில் ஏறுகிறவருக்குக் காலண்டர்படி ஜூலை 5. பஸ் ஒன்று, தேதி இரண்டு. டிக்கெட்டில் "05/07/2025 12:50 ஏஎம்" என்று மட்டும் போட்டால், சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாகப் பைபாஸில் வந்து நிற்பவர்கள் உண்டு. பஸ் அதற்கு முந்தைய இரவே போயிருக்கும். அதே தேதி அமெரிக்க வரிசையில் 07/05/2025 என்று வந்துவிட்டால், நம் ஊர்க்காரர் அதை மே 7 என்றுதான் படிப்பார்.

நான் கோவையில் இருந்து பஸ் டிக்கெட் செயலிகளுக்குத் திரைகள் எழுதுகிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓடுகிற திரைகள். தேதி காட்டுவதை ஒரு வரிக் கோடாக (புரோகிராமாக) நினைத்துக் கடைசி நாளில் செய்துமுடிக்கிற டீம்களை நிறையப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிக்கெட்டில் இருக்கிற மற்ற விவரம் பிழையானால் கவுண்டரில் பேசிச் சரிசெய்துகொள்ளலாம். தேதி பிழையானால் பஸ் கிடையாது. ஆகவே இதை எந்த வரிசையில் யோசிக்க வேண்டும், எங்கே இடறும் என்று தெரிந்தவரை விரிவாக எழுதுகிறேன். உதாரணம் முழுக்க அந்த மதுரை பஸ்தான். கிளினிக் டோக்கன், ஸ்கூல் ஃபீஸ் என்று நீங்கள் எது செய்தாலும் பொருந்தும்.

முதலில் அது எந்த வகை என்று பாருங்கள்

ஃபார்மேட் என்ன என்ற கேள்விக்குப் போகும் முன், கையில் இருக்கும் மதிப்பு எது என்று கேட்க வேண்டும். மூன்று வகை இருக்கிறது.

ஒன்று, கணம். பணம் கட்டிய நேரம், ஓடிபி அனுப்பிய நேரம், ரத்து செய்த நேரம். உலகத்தில் எங்கிருந்து பார்த்தாலும் அது ஒரே கணம். இதை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமித்து, காட்டும்போது பார்ப்பவருக்கு ஏற்ப மாற்றலாம்.

இரண்டு, வெறும் நாள். பிறந்த தேதி, பொங்கல் விடுமுறை, ஆதார் அட்டையில் இருக்கிற தேதி. இதற்கு மணியும் கிடையாது, டைம்சோனும் கிடையாது. டொரண்டோவில் இருந்து பார்த்தாலும் அம்மாவின் பிறந்த நாள் மாறாது.

மூன்று, ஓர் ஊரின் கடிகார நேரம். திண்டிவனத்தில் பஸ் ஏறும் நேரம் இந்த வகை. பயணி எங்கிருந்து புக் செய்தாலும் திண்டிவனத்துக் கடிகாரத்தில் 12:50 என்பதுதான் செய்தி. தேதி, மணி, டைம்சோன் பெயர் ஆகிய மூன்றையும் சேர்த்து வைக்க வேண்டிய வகை இது.

இந்த மூன்றையும் ஒரே டேட்டாபேஸ் நெடுவரிசையில் ஒரே மாதிரி திணிப்பதில்தான் முக்கால்வாசி பக் பிறக்கிறது. அதற்கு ஓர் அடையாளம் உண்டு. டேட்டாபேஸில் பிறந்த தேதிகளைத் திறந்து பாருங்கள். எல்லாவற்றிலும் 18:30:00 என்று நேரம் ஒட்டிக்கொண்டு, தேதி ஒரு நாள் முன்னதாக இருந்தால், யாரோ வெறும் நாளைக் கணமாக்கிவிட்டார்கள் என்று பொருள். இந்திய நேரம் யுடிசியைவிட 5:30 மணி முன்னால் இருப்பதால், இங்கே நள்ளிரவு 12 என்பது அங்கே முந்தைய நாள் மாலை 6:30. புதிதாக ஒரு ப்ராஜெக்டில் சேர்ந்தால் நான் முதலில் தேடுவது இந்த 18:30-ஐத்தான். இது கண்ணில் பட்டால் திரையில் எந்த ஃபார்மேட் போட்டும் பயனில்லை. சேமிக்கும் இடத்தைத் திருத்துங்கள்.

ஜாவாவில் எழுதுகிறவர்களுக்கு 2014-ல் வந்த ஜாவா 8 இந்தப் பிரிவினையைத் தெளிவாகவே கொடுத்திருக்கிறது: கணத்துக்கு இன்ஸ்டன்ட், நாளுக்கு லோக்கல்டேட், ஊர் நேரத்துக்கு ஜோன்டு டேட்டைம். ஜாவாஸ்கிரிப்டில் டெம்போரல் என்ற புதிய ஏபிஐ இதே வேலையைச் செய்கிறது. பழைய டேட் ஆப்ஜெக்டுக்கோ கணம் மட்டும்தான் தெரியும். அதனிடம் "2025-07-04" என்று நாளை மட்டும் கொடுத்தால் அதை யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். அதே தேதியோடு மணியையும் சேர்த்து, சோன் குறிப்பிடாமல் கொடுத்தால், மெஷினின் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் இருக்கும் டெவலப்பர் கண்ணுக்கு முதல் வகைப் பிழை தெரியவே தெரியாது, ஏனென்றால் யுடிசி நள்ளிரவு இங்கே காலை 5:30, தேதி மாறுவதில்லை. அமெரிக்காவில் திறக்கும்போதுதான் ஜூலை 4 ஜூலை 3 ஆகும். பழைய ஆப்ஜெக்டோடுதான் வேலை என்றால், வெறும் நாளை அதற்குள் போடவே வேண்டாம்; சரமாகவே, அதாவது வெறும் எழுத்துகளாகவே, வைத்திருங்கள்.

யாருடைய கடிகாரம்?

டொரண்டோவில் இருக்கும் மகன், விழுப்புரம் பக்கத்து கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்கு டிக்கெட் போடுகிறார். பிரவுசர் அவருடைய ஊர் நேரத்தில் ஓடுகிறது. கோடில் டைம்சோன் குறிப்பிடாமல் விட்டால் திண்டிவனம் ஏறும் நேரம் "வெள்ளி பிற்பகல் 3:20" என்று காட்டும். ஜூலையில் டொரண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருப்பதால் கணக்கு சரிதான். ஆனால் அதை வாட்ஸ்அப்பில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் அம்மா பட்டப்பகலில் போய் நிற்க வேண்டியதுதான்.

எனவே ஊர் நேரம் காட்டும் இடத்தில் எல்லாம் டைம்சோனை நாமே கொடுக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் தேதியை உரையாக்கித் தரும் இன்ட்ல் டேட்டைம்ஃபார்மேட்டில் டைம்சோன் என்ற ஆப்ஷன் இருக்கிறது. அதில் ஏசியா/கொல்கத்தா என்று எழுதிவிட்டால் பிரவுசர் எந்த நாட்டில் இருந்தாலும் நம் நேரம் வரும். பார்ப்பவரின் சோன் வேறாக இருந்தால் மட்டும் நேரத்துக்குப் பக்கத்தில் "இந்திய நேரம்" என்று சேருங்கள். உள்ளூர்க்காரர் ஒவ்வொரு வரியிலும் அதைப் படிக்க வேண்டியதில்லை.

பார்ப்பவரின் சோன் வேறா என்று கண்டுபிடிக்கப் பெயரைப் பெயரோடு ஒப்பிடாதீர்கள். க்ரோம் இந்தியாவில் ஏசியா/கல்கத்தா என்ற பழைய பெயரைத் திருப்பித் தருவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஒரே சோன், எழுத்து வேறு. அந்தப் பயணத் தேதியில் இரண்டு சோனிலும் யுடிசி வித்தியாசம் ஒன்றா என்று பார்த்தால் போதும். யாழ்ப்பாணத்தில் இருந்து புக் செய்பவருக்கும் நம் நேரமே என்பதால் குறிப்பு தேவைப்படாது.

வித்தியாசத்தை மட்டும் சேமித்து வைத்தால் போதாதா, "+5:30" என்று? இன்றைய இந்தியாவுக்குப் போதும். வேறு இடங்களுக்குப் போதாது. டொரண்டோ வித்தியாசமே குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமாகிறது. இலங்கை 1996 மே மாதம் +6:30-க்குப் போய், அதே ஆண்டு அக்டோபரில் +6:00-க்கு வந்து, 2006 ஏப்ரல் 15-ல்தான் மறுபடி +5:30 ஆனது. சிங்கப்பூர் 1982 தொடங்கும்வரை +7:30-ல் இருந்தது. ஜாதகம் கணிக்கும் செயலி எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 1999-ல் யாழ்ப்பாணத்தில் காலை 6:10-க்குப் பிறந்த குழந்தைக்கு +5:30 என்று போட்டால் அரை மணி நேரம் தள்ளிப்போகும். ஒரு லக்னம் சராசரியாக இரண்டு மணி நேரம்தான் என்பதால், எல்லையில் பிறந்த பிள்ளைக்கு லக்னமே மாறிவிடும். ஐயானா டைம்சோன் தரவுத்தளத்தில் இந்த வரலாறு எல்லாம் இருக்கிறது. ஏசியா/கொழும்பு என்ற பெயரைச் சேமித்தால், தேதிக்கு நாம் பயன்படுத்தும் நூலகம் (தயாராகக் கிடைக்கும் கோடுத் தொகுப்பு) தானே பார்த்துக்கொள்ளும்.

நள்ளிரவைத் தாண்டிய நேரம்

இதுதான் எனக்கு முக்கியமான பகுதி.

கடிகாரத்துக்கு நாள் நள்ளிரவில் மாறுகிறது. நம் பழக்கத்தில் அப்படி இல்லை. பஞ்சாங்கத்தில் நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம்வரை. பேச்சிலும் அதேதான்: ராத்திரி ஒரு மணிக்கு நடந்ததை "வெள்ளிக்கிழமை ராத்திரி" என்கிறோம், விடிந்தால்தான் சனி. பயணி தூங்கப் போகாதவரை அவருக்கு இன்னும் வெள்ளிக்கிழமைதான். அவரிடம் "சனி 12:50 ஏஎம்" என்று சொன்னால் சனி இரவு என்று புரிந்துகொள்வது இயல்பு.

24 மணி நேர முறைக்குப் போனால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், ரயில்வே கால அட்டவணையைக் காட்டுவார்கள். 00:50 என்று எழுதினால் பகலா இரவா என்ற குழப்பம் தீரும். எந்த இரவு என்ற குழப்பம் அப்படியே இருக்கும். கோளாறு தேதியில் இருக்கும்போது மணியைத் திருத்திப் பயனில்லை. தவிர, 24 மணி நேரம் காட்டுவதற்கு ஹவர்12 ஆப்ஷனை அணைத்தால் க்ரோமில் சில லோகேல்களில் (மொழி, நாட்டு அமைப்புகளில்) "24:50" என்று வரும். ஹவர்சைக்கிள் ஆப்ஷனில் எச்23 கொடுத்தால்தான் 00:50.

நான் செய்வது இது. இரவு 12 முதல் அதிகாலை 4 வரை ஏறும் நேரம் இருந்தால், முதல் வரியில் பழக்கத்தில் சொல்லும் நாள், இரண்டாவது வரியில் காலண்டர் தேதி:

ஜூலை 4, வெள்ளி இரவு 12:50
விடிந்தால் ஜூலை 5, சனி

இரண்டும் ஒன்றை ஒன்று உறுதிசெய்யும். வெள்ளி என்று நினைக்கிறவருக்கும் சரி, ஜூலை 5 என்று காலண்டரில் குறித்துவைத்தவருக்கும் சரி, பொருள் ஒன்றுதான். ஆங்கிலத் திரையில் இரண்டு கிழமையையும் சேர்த்து "ஃப்ரைடே நைட், சாட்டர்டே 12:50 ஏஎம்" என்ற பொருளில் எழுதுகிறோம்.

இதற்குப் பின்னால் ஒரு சின்ன ஏற்பாடு வேண்டும். டிரிப்புக்கு "பயணத் தேதி" என்று ஒரு வெறும் நாளைத் தனியாக வையுங்கள். அது பஸ் முதல் நிறுத்தத்தில் கிளம்பும் நாள். ஒவ்வொரு ஏறுமிடத்துக்கும் ஊர் நேரம் தனி. பயணி ஜூலை 4 என்று தேடினால் திண்டிவனம் 12:50 அதில் வர வேண்டும், ஏனென்றால் அவர் தேடுவது வெள்ளி இரவு பஸ். ஜூலை 5 என்று தேடுகிறவருக்கும் அதைக் காட்டலாம், ஆனால் பட்டியலின் மேலே "வெள்ளி இரவே கிளம்பும் பஸ்கள்" என்று தனியாகப் பிரித்து. சனிக்கிழமை இரவு பஸ்களோடு கலந்துவிட்டால் பழைய கதைதான்.

"நள்ளிரவு 12 மணி" என்று மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள். "ஜூலை 31 நள்ளிரவு 12 மணிவரை சலுகை" என்றால் 31 தொடங்கும்போதா முடியும்போதா? "ஜூலை 31 இரவு 11:59 வரை" என்று எழுதினால் கஸ்டமர் கேருக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

ஏஎம், பிஎம்முக்குப் பதில் காலை, மாலை

தமிழ்த் திரையில் நாளின் பொழுதைச் சொல்லித்தான் மணி சொல்ல வேண்டும், பொழுது முன்னால், மணி பின்னால்: காலை 6:30, இரவு 11:15. யூனிகோட் கூட்டமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் என்ற மொழிவாரித் தரவில் அதிகாலை, காலை, மதியம், பிற்பகல், மாலை, இரவு எல்லாம் தமிழுக்கு இருக்கின்றன. இன்ட்ல்லில் டேபீரியட் ஆப்ஷன் கொடுத்தால் இவை வரும். கொடுக்காவிட்டால் சில பதிப்புகளில் முற்பகல், பிற்பகல் வரும். நள்ளிரவு தாண்டிய பஸ்ஸுக்கு "முற்பகல் 12:50" என்று திரையில் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் அது இரவு என்று தோன்றாது.

தேதிக்குச் சிஎல்டிஆர் தரும் வரிசை "வெள்ளி, 4 ஜூலை, 2025". பேப்பரில் படிப்பது "ஜூலை 4". அரசாணையில் 4.7.2025. மூன்றும் நம் ஆட்களுக்குப் புரியும். நான் திரையில் மாதத்தை எப்போதும் எழுத்தால் எழுதுவேன். எண்ணால் எழுதி வரிசையில் குழப்பம் வர இடம் கொடுக்க மாட்டேன். விமான டிக்கெட்டில் 04ஜேயூஎல் என்று மாதத்தை எழுத்தால் போடுவதும் இதற்குத்தான். வருடம் பயணத் தேதிக்குத் தேவையில்லை, கிழமை கட்டாயம் தேவை. பழைய டிக்கெட் பட்டியலுக்கு நேர்மாறு: அங்கே வருடம் வேண்டும், கிழமை வேண்டாம்.

வாக்கியத்துக்குள் தேதியை வைக்கும்போது வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள். "ஜூலை 4இல்", "சனியில்" என்று கோடு ஒட்டிக்கொண்டு வரும் வாக்கியம் ஏதாவது ஒரு கிழமையில் பல்லை இளிக்கும். "அன்று", "முதல்", "வரை" ஆகிய மூன்றும் எந்தத் தேதிக்குப் பின்னாலும் எழுத்து மாறாமல் உட்காரும். "ஜூலை 4, வெள்ளி அன்று", "ஜூலை 4 முதல் ஜூலை 9 வரை". மொழிபெயர்ப்பு கோப்பில் இப்படியே முழு வாக்கியமாக வையுங்கள். ஆங்கில வாக்கியத்தின் துண்டுகளை வரிசைப்படி ஒட்டவைக்காதீர்கள்.

மூன்று எழுத்தில் வெட்டாதீர்கள்

காலண்டர் கட்டத்துக்குக் கிழமைப் பெயர் சுருக்கமாக வேண்டும். ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்தை வெட்டி எடுக்கும் கோடு ஏற்கெனவே இருக்கும். அதைத் தமிழ் மேல் ஓட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கம்ப்யூட்டருக்கு "செவ்வாய்" என்பதில் ச, எகரக் கொம்பு, வ, புள்ளி எல்லாம் தனித்தனி. முதல் மூன்றை எடுத்தால் "செவ". திங்கள் "திங" ஆகும், வெள்ளி "வெள" ஆகும், புதன் "புத" ஆகும். ஏழில் சனி மட்டும்தான் ஒழுங்காகத் தப்பிக்கும். மாதத்தில் மார்ச் "மார" என்று வரும், ஜூன் "ஜூன" என்று வரும், ஏப்ரல் போன்ற சில மாதங்கள் மட்டும் தற்செயலாக "ஏப்" என்பதுபோலச் சரியாக நிற்கும். அந்தத் தற்செயலால்தான் இந்த பக் டெஸ்டிங்கைத் தாண்டிவிடுகிறது. ஏப்ரல் மாதச் சனிக்கிழமை பார்த்தவருக்கு எல்லாம் நன்றாகவே தெரியும்.

சுருக்கத்தையும் நூலகத்திடமே கேளுங்கள். வீக்டே ஆப்ஷனில் நேரோ கொடுத்தால் ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று கிடைக்கும். கட்டத்துக்கு அது போதும். மாதத்துக்கு ஷார்ட் கொடுத்தால் ஜன., பிப்., செப்., டிச. என்று புள்ளியோடு வரும். மாதத்துக்கு நேரோ மட்டும் வேண்டாம், ஜூனும் ஜூலையும் இரண்டும் "ஜூ" ஆகிவிடும்.

அகலத்தை எப்போதும் "செப்டம்பர் 23, செவ்வாய்" வைத்துச் சோதியுங்கள். "மே 7, புதன்" பொருந்துகிறது என்று பட்டனின் அகலத்தை முடிவு செய்யாதீர்கள். இரவு என்ற சொல்லுக்கும் 12:50-க்கும் நடுவிலும், ஜூலைக்கும் 4-க்கும் நடுவிலும் உடையாத இடைவெளி போடுங்கள். சின்ன போனில் வரியின் முடிவில் "ஜூலை" நின்றுகொண்டு "4" கீழே போவது படிக்கிறவரை ஒரு கணம் தடுமாற வைக்கும்.

கண் தெரியாதவர்கள் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கில் கேட்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். திரையில் "செப். 23" இருந்தாலும் அவர்களுக்குப் போகும் உரையில் "செப்டம்பர் 23, செவ்வாய்க்கிழமை" என்று முழுதாக இருக்கட்டும். வெப்பில் டைம் என்ற எச்டிஎம்எல் உறுப்புக்குள் வைத்து, அதன் டேட்டைம் பண்பில் ஐஎஸ்ஓ வடிவத்தைக் கொடுங்கள்.

மனிதருக்கு ஒன்று, மெஷினுக்கு ஒன்று

இங்கே சுருக்கமாக முடிக்கிறேன். சர்வருக்கு அனுப்புவது, லாகில் எழுதுவது, கோப்புப் பெயரில் வைப்பது எல்லாம் ஐஎஸ்ஓ 8601 வடிவம்: 2025-07-04. திரைக்கு எழுதிய உரையை மறுபடி படித்துத் தேதியாக்குவது கூடவே கூடாது. 2022-ல் வந்த சிஎல்டிஆர் 42-ல் ஆங்கில நேரத்தில் ஏஎம்முக்கு முன்னால் இருந்த சாதாரண இடைவெளி, குறுகிய உடையாத இடைவெளியாக மாறியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸின் 20-ம் பதிப்புக்கு மாறியவர்களின் டெஸ்டுகள் வரிசையாக விழுந்தன. அதுபோல ஆண்ட்ராய்டில் சர்வருக்கான தேதியைப் போனின் லோகேலில் எழுதினால், அரபு மொழி வைத்திருக்கும் போனில் எண்களே வேறு எழுத்தில் போகலாம். தாய் மொழி போனில் பிரவுசர் 2025-ஐ 2568 என்று புத்த ஆண்டில் காட்டும். மெஷினுக்குப் போவதற்கு, எந்த நாட்டையும் சாராத லோகேல் ரூட் கொடுங்கள். ஐஓஎஸ்ஸில் என்-யுஎஸ்-போசிக்ஸ்.

தேதி வடிவத்தைக் குறிக்கும் பேட்டர்ன் எழுத்துகளில் ஒன்று மட்டும்: வருடத்துக்குச் சின்ன ஒய். பெரிய ஒய் போட்டால் அது வாரக் கணக்கின் வருடம். ஐஎஸ்ஓ வாரக் கணக்கில் 2025 டிசம்பர் 29, 30, 31 மூன்றும் 2026-ன் முதல் வாரத்தைச் சேர்ந்தவை, எனவே டிக்கெட்டில் 2026 டிசம்பர் 29 என்று அச்சாகும். வருடம் முழுக்க ஒளிந்திருந்துவிட்டு, பஸ்ஸில் சீட்டே கிடைக்காத அந்த வாரத்தில் வெளியே வரும்.

பஸ் முதலாளிகள் கேட்கும் எக்செல் ஏற்றுமதியிலும் ஐஎஸ்ஓ வடிவமே நல்லது. 04/07/2025 என்று சிஎஸ்வியில் கொடுத்தால், அமெரிக்க அமைப்பில் இருக்கும் கம்ப்யூட்டர் அதை ஏப்ரல் 7 ஆக்கும். 14/07/2025 என்பதைத் தேதியாகவே ஏற்காமல் உரையாக விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் பாதி தேதி, பாதி உரை. வரிசைப்படுத்தினால் கணக்கு எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம்.

"3 மணி நேரத்துக்கு முன்" எப்போது, தேதி எப்போது

நடந்து முடிந்த சின்ன விஷயத்துக்கு, இப்போதிலிருந்து எண்ணும் சார்பு நேரம் நன்றாக இருக்கும்: "5 நிமிடங்களுக்கு முன் பணம் கட்டப்பட்டது". இன்ட்ல்லின் ரிலேட்டிவ்டைம்ஃபார்மேட்டில் நியூமரிக் ஆட்டோ கொடுத்தால் நேற்று, நாளை எல்லாம் சொல்லாகவே கிடைக்கும். நேற்று என்பதைக் கணக்கிடும்போது 24 மணி நேரத்தால் வகுக்காதீர்கள். இரவு 11-க்குக் கட்டிய பணத்தைக் காலை 6-க்குப் பார்க்கிறவருக்கு அது நேற்றுதான். இந்திய நேரத்தில் இரண்டு காலண்டர் நாளையும் எடுத்துக் கழியுங்கள்.

செய்ய வேண்டிய காரியத்துக்குச் சார்பு நேரம் வேண்டாம். "புறப்படுவதற்கு 6 மணி நேரம் முன்புவரை ரத்து செய்யலாம்" என்று எழுதினால், எந்தப் புறப்பாட்டில் இருந்து? கிளாம்பாக்கமா திண்டிவனமா? பயணி விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை, அதை நாமே செய்வோம்: "ஜூலை 4, வெள்ளி மாலை 5:15 வரை ரத்து செய்யலாம்". அங்கே கணக்கு கிளாம்பாக்கம் 11:15-ல் இருந்து என்பதும் தானே முடிவாகிவிடுகிறது.

உள்ளீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. பயணத் தேதிக்குக் காலண்டர் கட்டம் சரி. பிறந்த தேதிக்குக் காலண்டர் கட்டம் கொடுத்து 1958-க்குப் பின்னோக்கித் தள்ள வைப்பது முதியவர்களுக்குத் தண்டனை. நாள், மாதம், வருடம் என்று மூன்று பெட்டி கொடுங்கள், பிரிட்டன் அரசின் ஜிஓவி.யுகே வடிவமைப்பும் அதையே சொல்கிறது. பிரவுசரின் சொந்த டேட் பெட்டியைப் பயன்படுத்தினால், அது காட்டும் வரிசை பிரவுசரின் மொழியைப் பொறுத்தது, நம் கையில் இல்லை. உள்ளே இருக்கும் மதிப்பு மட்டும் எப்போதும் வருடம்-மாதம்-நாள்.

சோதனை

கோவையில் உட்கார்ந்து கோவை நேரத்தில் மட்டும் டெஸ்ட் செய்தால் எதுவும் தெரியாது. டெஸ்ட் ஓடும் மெஷினில் டைம்சோனைக் குறிக்கும் டிஇசட் மாறியை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். டொரண்டோ கட்டாயம், யுடிசிக்குப் பின்னால் இருப்பதால். காத்மாண்டு, +5:45 என்பதால். வித்தியாசத்தை முழு மணி நேரமாகவோ அரை மணியாகவோ நினைத்து எழுதிய கோடு அங்கே மாட்டும். லண்டன், வருடத்துக்கு இருமுறை மணி மாறுவதால். க்ரோமின் டெவ்டூல்ஸில் சென்சர்ஸ் பகுதியில் ஊரை மாற்றினால் டைம்சோனும் மாறும், சோதித்துப் பார்க்கும் க்யூஏ ஆட்களுக்கு அது எளிது.

கடிகாரத்தையும் நிறுத்திவையுங்கள். இரவு 11:59, 12:00, 12:50, அதிகாலை 4:00, டிசம்பர் 31, பிப்ரவரி 29. எதிர்பார்க்கும் உரையை அச்சு அசலாக ஒப்பிடாமல், ஃபார்மேட்டுபார்ட்ஸ் தரும் துண்டுகளில் நாள் 4, மாதம் ஜூலை இருக்கிறதா என்று பாருங்கள். நூலகம் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் டெஸ்ட் உடையாது.

கடைசியாக எஸ்எம்எஸ்

பைபாஸில் நிற்கும் பயணி செயலியைத் திறப்பதில்லை, எஸ்எம்எஸ்ஸைத்தான் பார்ப்பார். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழ் யூனிகோடில் 70தான், அதில் ஒவ்வொரு கொம்பும் காலும் புள்ளியும் தனியாக எண்ணப்படும். தாண்டினால் இரண்டாக உடைந்து இரண்டுக்குக் கட்டணம். எனவே தேதி வரியை மிக நீளமான நாளை வைத்து எழுதிப் பார்க்க வேண்டும்.

"மதுரை பஸ்: ஜூலை 4 வெள்ளி இரவு 12:50 (விடிந்தால் சனி) திண்டிவனம்" என்பது 63. நன்றாகப் பொருந்துகிறது. அதையே செப்டம்பர் 22 திங்களுக்கு மாற்றுங்கள்: "மதுரை பஸ்: செப்டம்பர் 22 திங்கள் இரவு 12:50 (விடிந்தால் செவ்வாய்) திண்டிவனம்", 76. மாதத்தைச் சுருக்கினால் 71, இன்னும் ஒன்று அதிகம். "பஸ்" என்ற சொல்லை எடுத்துவிடலாம், டிக்கெட் வாங்கியவருக்கு அது பஸ் என்று தெரியும். கிழமையையும் "விடிந்தால்" என்பதையும் தொடவே கூடாது.

மதுரை: செப். 22 திங்கள் இரவு 12:50 (விடிந்தால் செவ்வாய்) திண்டிவனம்

67. இந்த வடிவத்தை வார்ப்புருவாகப் பதிவு செய்யுங்கள். இதைவிட நீளமான ஊர்ப்பெயர் வரும் ஏறுமிடங்களுக்கு, பெயரின் சுருக்கத்தை உங்கள் ஆபரேட்டர் டீமிடம் கேட்டு வாங்கி, ஏறுமிடப் பட்டியலிலேயே தனி நெடுவரிசையாக வைத்துவிடுங்கள்.